கார் மிட்பேஸ்: மதுரைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் காருக்கு பாட்டு செட் மாற்றுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் ஒரே குறைதான்: புது ஸ்பீக்கர் போட்டாச்சு, டிக்கியில் சப்வூஃபரும் இருக்கிறது, ஆனாலும் மேளம் மேளமாகக் கேட்கவில்லை. கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன்.

மிட்பேஸ் என்று எந்தச் சத்தத்தைச் சொல்கிறீர்கள்?

சுமார் 80 ஹெர்ட்ஸிலிருந்து 250 ஹெர்ட்ஸ் வரை. கோடு கிழித்தாற்போல எல்லை கிடையாது. 60-இல் தொடங்குகிறவர்களும் உண்டு, 300 வரை சேர்த்துக்கொள்கிறவர்களும் உண்டு. தவிலின் தொப்பிப் பக்கம் குச்சி விழும்போது எழும் ‘தொம்’, டிரம்ஸில் கிக் நெஞ்சில் குத்தும் இடம், ஆண் குரலின் கனம் எல்லாம் இந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. பேஸ் கிட்டாரின் நான்கு கம்பிகளை விரல் வைக்காமல் மீட்டினால் 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ் வரும். விரல் ஏற ஏற இதற்கு மேலேதான் போகும். எண்பதுகளின் தமிழ்ப் படப்பாட்டுகளில் பேஸ் கிட்டார் பாடகருக்குப் பக்கத்திலேயே தனி வழியில் நடந்து போகும். கதவு ஸ்பீக்கர் சரியில்லாத வண்டியில் அந்த ஆளையே காணோம்.

டிக்கியில் 12 இஞ்ச் சப்வூஃபர் ஓடுகிறது. அப்புறம் கதவிலிருந்து வேறு எதற்கு?

சப் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைப் பார்த்துக்கொள்ளும். அதையே 120, 150 வரை ஏற்றி ஓட்டினால் பாடகர் டேஷ்போர்டில் நிற்பார், மேளக்காரர் டிக்கியில் உட்கார்ந்திருப்பார். 80-க்குக் கீழே சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்கு எளிதில் பிடிபடாது. மேலே போகப் போகப் பிடிபட்டுவிடும்.

கதவு நன்றாக அடித்தால் இன்னொரு வேடிக்கையும் நடக்கும். டிக்கியில் இருக்கும் சப்பே முன்னாலிருந்து அடிப்பதுபோல் கேட்கும். ஒரு கிக் அடியில் 50 ஹெர்ட்ஸும் இருக்கும், 120-உம் இருக்கும், அதற்கு மேலும் இருக்கும். மேல் பாதி எங்கிருந்து வருகிறதோ அங்கேயே கீழ்ப் பாதியையும் காது கொண்டுபோய் வைத்துவிடும். ‘சப் பின்னாடி தனியா முனகுது’ என்று யாராவது வண்டியைக் கொண்டுவந்தால் நான் டிக்கியைத் திறப்பதற்கு முன் முன்கதவைத்தான் தட்டிப் பார்ப்பேன்.

நல்ல பிராண்டு காம்போனன்ட் ஸ்பீக்கர் போட்டும், வண்டியோடு வந்த ஸ்பீக்கரைவிட அடி குறைந்துவிட்டது. டூப்ளிகேட்டைக் கொடுத்துவிட்டார்களா?

டூப்ளிகேட்டாகவும் இருக்கலாம். ஆனால் பத்தில் ஒன்பது வண்டியில் குற்றவாளி கதவுதான்.

ஸ்பீக்கரின் கோன், அதாவது ஆடும் கூம்பு, முன்னால் காற்றைத் தள்ளும் அதே நொடியில் பின்னால் காற்றை இழுக்கிறது. முன்பக்க அலையும் பின்பக்க அலையும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். கதவின் உள்தகரத்தைப் பாருங்கள்: கண்ணாடி மோட்டார் வேலைக்காகக் கை நுழையும் அளவுக்குத் துளைகள் வெட்டியிருப்பார்கள். அவற்றின் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள். தண்ணீருக்கும் தூசிக்கும் அது போதும், சத்தத்தை அது நிறுத்தாது. 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 3.4 மீட்டர். ஸ்பீக்கருக்கும் அந்தத் துளைக்கும் நடுவே இருப்பது ஒரு சாண், இரண்டு சாண். அவ்வளவு நீள அலை அந்தத் தூரத்தைச் சுற்றி வந்து எதிராளியைச் சந்திப்பதற்கு ஒரு தடையும் இல்லை. கீச்சுச் சத்தம் கொடுக்கும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டருக்கு இந்தப் பிரச்சினை கிடையாது. அதனால்தான் ‘கிளியரா இருக்கு, கனம் மட்டும் இல்ல’ என்று எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள்.

வண்டியோடு வரும் ஸ்பீக்கர் அந்தக் கதவுக்கென்றே செய்யப்பட்டது. லேசான கோன், உயரமான பிளாஸ்டிக் கூடு, பல வண்டிகளில் ட்ரிம்மோடு (கதவின் உள்பக்க பிளாஸ்டிக் மூடி) ஒட்டிக்கொள்ள ஃபோம் வளையம். குறைந்த பவரிலேயே ஏதோ ஒரு அடியைக் கொடுத்துவிடும். நீங்கள் வாங்கியது கனமான கோன். அதற்குக் காற்று ஒழுகாத கதவும் கொஞ்சம் அதிக பவரும் வேண்டும். தவிலுக்குப் பலாக்கட்டையைக் குடைந்துதான் உடல் செய்கிறார்கள். விலை உயர்ந்த தோலை வாங்கிவந்து தகர டின்னில் கட்டினால் என்ன சத்தம் வருமோ, சும்மா இருக்கும் கதவில் நல்ல ஸ்பீக்கர் அந்தச் சத்தம்தான் கொடுக்கும்.

நம்பிக்கை வரவில்லையென்றால் ஒரு சோதனை. ட்ரிம்மைக் கழற்றிவிட்டு, பேஸ் நன்றாக உள்ள பாட்டை ஓடவிடுங்கள். பெரிய துளையின் மேல் ஒரு பிளைவுட் துண்டையோ தடித்த புத்தகத்தையோ வைத்து அழுத்திப் பிடியுங்கள். எடுங்கள், மறுபடி பிடியுங்கள். வித்தியாசத்தைக் காட்டித்தர வேறு ஆள் வேண்டியதில்லை.

சரி, கதவில் என்னென்ன செய்ய வேண்டும்?

முதலில் ட்ரிம். ஸ்க்ரூக்களை எடுத்தபின் பிளாஸ்டிக் கிளிப்புகள்தான் அதைப் பிடித்திருக்கும். சில வருடம் வெயில் பார்த்த வண்டியில் நாலைந்து உடையத்தான் செய்யும். கழற்றுவதற்கு முன்பே அந்த மாடலுக்கான கிளிப் ஒரு பாக்கெட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உடைந்த கிளிப்போடு திரும்ப மாட்டினால் ட்ரிம்மே பாட்டுக்குத் தாளம் போடும்.

அடுத்து பிளாஸ்டிக் தாளையும் அதன் பிசினையும் எடுத்துவிட்டுத் தகரத்தைத் துடைக்க வேண்டும். பல இடங்களில் பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். எண்ணெய்ப் பிசுக்கு தங்கிவிடும், அதிர்வை அடக்க மேலே ஒட்டும் பியூட்டைல் ரப்பர் ஷீட் ஒரு வருடத்தில் கழன்று தொங்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நல்லது. வெளித்தகரத்தின் உள்பக்கம், குறிப்பாக ஸ்பீக்கருக்கு நேர் பின்னால், பியூட்டைல் ஷீட்டை ஒட்டி ரோலரால் அழுத்த வேண்டும். கையால் தடவிவிட்டால் போதாது. ஷீட் மேல் இருக்கும் புள்ளி அச்சு மழுங்கும்வரை ரோலர் ஓட வேண்டும்.

இனிதான் முக்கியமான வேலை: உள்தகரத்தின் துளைகளை மூடுவது. சின்னத் துளைக்கு ஷீட்டே போதும். பெரிய துளைக்கு ஷீட்டை மட்டும் ஒட்டினால் அது தோல்போல் முன்னும் பின்னும் ஆடும், வெயிலில் தொய்ந்தும்விடும். அங்கே விறைப்பான ஏதாவது வேண்டும். கடைப் பெயர்ப்பலகை செய்கிற இடங்களில் ஏ.சி.பி. ஷீட் என்று அலுமினியப் பலகைத் துண்டுகள் கிடைக்கும். வெட்டு மிச்சமே கதவுக்குப் போதும். துளையைவிட இரண்டு விரற்கடை பெரிதாக வெட்டி, ஓரத்தை அரம் வைத்துத் தேய்த்து, சுற்றிலும் பியூட்டைல் நாடா வைத்து, ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள். நாளைக்குக் கண்ணாடி மோட்டார் கெட்டால் மெக்கானிக் ஸ்க்ரூவைக் கழற்றி வேலை பார்ப்பார். நிரந்தரமாக ஒட்டிவைத்த கதவை அவர் கத்தியால் கிழிப்பார், உங்களையும் திட்டுவார்.

பூட்டுக் கம்பிகள், கேபிள்கள் அசையும் வழியில் எதுவும் உரசக்கூடாது. கண்ணாடியை முழுக்க இறக்கி ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் மூட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. பக்கவாட்டு ஏர்பேக் உள்ள சில கார்களில் மோதலை உணரும் அழுத்த சென்சார் கதவுக்குள்ளேயே இருக்கும். கதவுக்குள் காற்றழுத்தம் மாறுவதை வைத்துத்தான் அது முடிவெடுக்கிறது. அப்படிப்பட்ட வண்டியில் கதவை உங்கள் இஷ்டத்துக்கு அடைக்கவோ புதுத் துளை போடவோ வேண்டாம். சர்வீஸ் சென்டரில் கேட்டுத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள்.

கதவு முழுக்க ஓரங்குலம் விடாமல் ஷீட் ஒட்டச் சொல்கிறார்கள். தேவையா?

தேவையில்லை. அலுமினியம் பூசிய பியூட்டைல் ஷீட் தகரத்தின் அதிர்வை உறிஞ்சும். அதற்கு ஒரு தட்டையான தகரத்தின் கால் பாகம் முதல் பாதி வரை ஒட்டினாலே பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். ‘டங்’ என்று நீண்டு ஒலித்த இடம் ‘டப்’ என்று நின்றுவிட்டால் போதும், அடுத்த இடத்துக்குப் போகலாம். 2 மில்லிமீட்டர் ஷீட் சதுர மீட்டருக்குச் சுமார் மூன்று கிலோ இருக்கும். இரண்டு மூன்று அடுக்கு ஒட்டினால் கதவுக் கீல் அந்தச் சுமையைத் தினமும் தூக்க வேண்டும். அதிர்வை அடக்குவது ஒரு வேலை, துளையை அடைப்பது வேறு வேலை. மிட்பேஸைக் கொண்டுவருவதில் இரண்டாவதற்குத்தான் பங்கு அதிகம். ஷீட் விற்கிறவர் முதலாவதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்.

தார் ஷீட் பாதி விலைக்குக் கிடைக்கிறது. மதுரை வெயிலுக்குத் தாங்குமா?

சித்திரை, வைகாசியில் நிழலிலேயே 40 டிகிரி. வெயிலில் நிறுத்திய கறுப்பு வண்டியின் தகரம் 70 டிகிரியைத் தொடும். தார் அந்தச் சூட்டில் இளகும், வழியும், வண்டிக்குள் ரோடு போடுகிற வாசனை அடிக்கும். தரைக்குப் போட்டாலாவது கீழே விழ இடமில்லை. செங்குத்தாக நிற்கும் கதவுக்கு வேண்டவே வேண்டாம். பியூட்டைல் என்று சொல்லித் தாரையே விற்பதும் நடக்கிறது. ஒரு துண்டை வெயிலில் கவிழ்த்து ஒட்டிவைத்துவிட்டுச் சாயங்காலம் வந்து பாருங்கள். முகர்ந்தாலே பாதி தெரிந்துவிடும்.

நம்ம ஊர் வெயிலில் ஒரு லாபமும் இருக்கிறது. குளிர் ஊர்க்காரர்கள் ஷீட் ஒட்டுவதற்கு ஹீட் கன் வைத்துச் சூடு காட்டுவார்கள். இங்கே வருடத்தில் பெரும்பாலான நாள் அது தேவைப்படாது.

எல்லாவற்றையும் அடைத்துவிட்டால் மழைத் தண்ணீர் கதவுக்குள் தேங்காதா?

கண்ணாடி ஓரமாக இறங்கும் தண்ணீர் கதவின் அடிப்பக்கத் துளைகள் வழியாகத்தான் வெளியேறுகிறது. அந்தத் துளைகளை மட்டும் தொடாதீர்கள். ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை குச்சி விட்டுச் சுத்தம் செய்யுங்கள். உள்தகரத்தை மூடுவதால் தண்ணீர் வழி மாறாது. சொல்லப்போனால் நைந்துபோன பிளாஸ்டிக் தாளைவிட இது ட்ரிம்மை நன்றாகவே காக்கும்.

ஸ்பீக்கருக்கு அடியில் போடும் வளையத்தை எம்.டி.எஃப்-இல் செய்யலாமா?

காய்ந்த இடத்துக்கு எம்.டி.எஃப் அருமையான பலகை. கதவு காய்ந்த இடமில்லை. ஈரம் பட்டால் ஊதி, ஸ்க்ரூ பிடிப்பு போய்விடும். எம்.டி.எஃப்தான் கையில் இருக்கிறது என்றால் நாலு பக்கமும், வெட்டு முகத்தையும் சேர்த்து, இரண்டு மூன்று கோட் பெயின்ட் குடிக்க வையுங்கள். மரைன் பிளைவுட் அதைவிட நல்லது. என் தேர்வு ஹெச்.டி.பி.இ. பிளாஸ்டிக்: பாத்திரக் கடையில் காய் வெட்டும் பலகை என்று தடிமனாக விற்பார்களே, அந்த ரகம். வட்ட ரம்பத்தில் அழகாக வெட்டுப்படும், தண்ணீரால் ஒன்றும் ஆகாது.

தடிமன் எவ்வளவு என்பதைக் கண்ணாடிதான் முடிவு செய்யும். 6.5 இஞ்ச் ஸ்பீக்கர்கள் பலவற்றுக்குப் பின்னால் 60 முதல் 70 மில்லிமீட்டர் ஆழம் வேண்டும். கண்ணாடி முழுக்க இறங்கிய நிலையில் மேக்னட்டுக்கும் அதற்கும் நடுவே ஒரு விரல் இடமாவது இருக்க வேண்டும். வளையத்துக்கும் தகரத்துக்கும் இடையே ஃபோம் அல்லது பியூட்டைல் நாடா. அதே மாதிரி ஸ்பீக்கரின் முன்முகத்துக்கும் ட்ரிம் கிரில்லுக்கும் இடையே ஒரு ஃபோம் வளையம். இந்த முன்பக்க வளையத்தைப் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் அடியில் ஒரு பங்கு ட்ரிம்முக்குப் பின்னாலேயே சுற்றி, ட்ரிம்மை உதறவைத்துச் செத்துப்போகும். இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பலன் தரும் பொருள் இந்தத் தொழிலில் வேறு இல்லை.

எந்த ஸ்பீக்கர் வாங்கலாம்? கோஆக்ஸியலா, காம்போனன்டா?

மிட்பேஸுக்கு இந்த வேறுபாடு பெரிதில்லை. ட்வீட்டர் நடுவில் இருந்தாலும் (கோஆக்ஸியல்) தனியாக இருந்தாலும் (காம்போனன்ட்) அடி கொடுப்பது அந்தப் பெரிய கோன்தான். பெட்டியில் உள்ள தாளில் மூன்று எண்களைப் பாருங்கள். எஃப்.எஸ்., அதாவது கோன் தானாக அதிரும் அலைவெண், 50 முதல் 70 ஹெர்ட்ஸுக்குள் இருந்தால் நல்லது. எக்ஸ்மேக்ஸ், அதாவது கோன் ஒரு பக்கமாக எவ்வளவு நகரலாம் என்பது, 4 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கட்டும். க்யூ.டி.எஸ்., அதாவது கோனின் ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பதற்கான எண், 0.5-இலிருந்து 0.7 வரை இருந்தால் தனிப் பெட்டி இல்லாமல் அடைத்த கதவில் மாட்டினாலும் அடி மெலியாது. வாட்ஸ் எவ்வளவு என்று பெட்டிமேல் கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்க்க வேண்டாம். இந்த மூன்று எண்களையும் போடாத கம்பெனியிடம் நான் அதிகம் எதிர்பார்க்க மாட்டேன்.

6.5 இஞ்ச் கோனின் பரப்பு சுமார் 130 சதுர சென்டிமீட்டர், 8 இஞ்ச் என்றால் 210-க்கு மேல். 8 இஞ்ச் நிச்சயமாக அதிகக் காற்றைத் தள்ளும். ஆனால் அதற்காகத் தகரத்தை வெட்ட வேண்டிவந்தால் விட்டுவிடுங்கள். பக்கவாட்டு மோதலுக்கென்று கதவுக்குள் இருக்கும் இரும்புச் சட்டத்தின் பக்கம் ரம்பம் போகவே கூடாது.

அண்ணே, மினி பஸ்ல அடிக்கிற மாதிரி வேணும். பி.ஏ. ஸ்பீக்கர் போட்டா என்ன?

தம்பி, மினி பஸ்ஸில் நீங்கள் கேட்பது சத்தம். பி.ஏ., அதாவது மேடைக்கும் பொதுக்கூட்டத்துக்கும் போடும் வகை 6.5 இஞ்ச் ஸ்பீக்கர்கள் விறைப்பான காகிதக் கோனோடு, கொஞ்சம் பவரிலேயே காது கிழியும் அளவுக்குக் குரலைக் கொடுக்கும். அவற்றின் எஃப்.எஸ். பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸ் அக்கம்பக்கம். கோனும் அதிகம் நகராது. அதனால் 80-இலிருந்து 120 வரை, நமக்கு வேண்டிய இடத்தில், அவை கையை விரித்துவிடும். திருவிழாவில் கதவைத் திறந்துவைத்துத் தெருவே கேட்க வேண்டுமென்றால் அது சரியான சாமான். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மேலூர் ரோட்டில் போகும்போது தவிலைத் தவிலாகக் கேட்க அது ஆகாது. இரண்டும் வேண்டுமென்றால் கதவில் ஒன்று, சப்புக்குப் பக்கத்தில் தனியாக ஒன்று என்று செலவு இரட்டிப்பாகும்.

ஸ்டீரியோவிலேயே 50 வாட்ஸ் இன்டு 4 என்று போட்டிருக்கிறது. தனியாக ஆம்ப் எதற்கு?

வண்டி ஓடும்போது கிடைப்பது 14.4 வோல்ட். ஸ்டீரியோவுக்கு உள்ளே உள்ள சிறு ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்) சில்லு 4 ஓம் ஸ்பீக்கருக்கு அதிலிருந்து சத்தம் உடையாமல் எடுக்கக்கூடியது கணக்குப்படியே ஒரு சேனலுக்கு 26 வாட்ஸுக்குள். நடைமுறையில் 15 முதல் 20. மிட்பேஸ் அடி திடீரென்று விழுந்து உடனே அடங்குவது. அந்தக் கணத்தில் பவர் இல்லையென்றால் அடி மொண்ணையாகிவிடும். சேனலுக்கு 60 முதல் 75 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து கிடைக்கும் பவர்) தரும் சாதாரண நாலு சேனல் ஆம்ப் போதும். பவர் இரட்டித்தால் 3 டெசிபல்தான் கூடும், அதனால் 75-க்கும் 100-க்கும் நடுவே உள்ள விலை வித்தியாசத்தைக் கதவில் போடுங்கள்.

பேட்டரியிலிருந்து வரும் வயரில் 45 சென்டிமீட்டருக்குள் ஃப்யூஸ் இருக்க வேண்டும். இதில் பேரமே கிடையாது, தீப்பிடிக்கும் விஷயம். செம்பு பூசிய அலுமினிய வயர் என்றால் ஒரு அளவு தடிமனாக எடுங்கள். அலுமினியம் செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் மின்சாரத்தைத் தடுக்கும்.

கிராஸ்ஓவர் எங்கே வைப்பது?

கிராஸ்ஓவர் என்பது எந்த ஸ்பீக்கருக்கு எந்தச் சத்தம் என்று பிரிக்கும் இடம். கதவுக்கு ஹைபாஸ் (அதற்கு மேலே மட்டும்) 80 ஹெர்ட்ஸ், சப்புக்கு லோபாஸ் (அதற்குக் கீழே மட்டும்) 80 ஹெர்ட்ஸ், இரண்டும் 24 டெசிபல் சரிவு. அங்கே தொடங்குங்கள். ‘ஹைபாஸ் போட்டால் பேஸ் போயிடுமே’ என்று முழு ரேஞ்சில் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். ஒரே அளவு சத்தத்தை ஒரு ஆக்டேவ் கீழே, அதாவது பாதி ஹெர்ட்ஸில், கொடுக்க கோன் நாலு மடங்கு நகர வேண்டும். 80-இல் ஒரு மில்லிமீட்டர் ஆடுகிற கோன் 40-இல் நாலு மில்லிமீட்டர் ஆட வேண்டும். அந்த 40 ஹெர்ட்ஸைச் சப்புக்கு விட்டுவிட்டால் கதவு ஸ்பீக்கர் தன் வேலையைத் தெம்பாகச் செய்யும், வால்யூமையும் இன்னும் ஏற்றலாம்.

கதவு வேலை நன்றாக அமைந்தால் 70, 63 என்று இறக்கிப் பார்க்கலாம். சப் இல்லாத வண்டியில் 50 அல்லது 60. அடுத்து சப்பின் ஃபேஸ், அதாவது அது கதவோடு சேர்ந்து தள்ளுகிறதா எதிராக இழுக்கிறதா என்பது. 80 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓடவிட்டு, சப்பின் பிளஸ் மைனஸை மாற்றி மாற்றிக் கேளுங்கள். எதில் சத்தம் அதிகமோ அதுதான் சரி. ஆம்பில் இருக்கும் பேஸ் பூஸ்ட் திருகை சுழியிலேயே விட்டுவிடுங்கள். அது பெரும்பாலும் 45 ஹெர்ட்ஸ் அருகில் தூக்குவது, மிட்பேஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வண்டிக்கு நடுவில் தலையை நீட்டினால் அடி அருமையாக இருக்கிறது. டிரைவர் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்ததும் காணாமல் போகிறது. பேயா?

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. கேட்டவர் காதைக் கூர்மையாக வைத்திருக்கிறார்.

முதலில் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு கதவில் ஒன்றில் மட்டும் மாறியிருந்தால் இடது முன்னால் தள்ளும்போது வலது பின்னால் இழுக்கும். வண்டியோடு வந்த வயர்களின் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு, அதை நம்ப முடியாது. ஆம்பிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை ஒரு கணம் தொட்டு எடுங்கள். கோன் வெளியே தள்ளினால் பேட்டரியின் பிளஸ் பட்டதுதான் ஸ்பீக்கரின் பிளஸ். இரண்டு கதவும் ஒரே மாதிரி நடக்க வேண்டும். ட்வீட்டரில் இந்தச் சோதனை வேண்டாம்.

அது சரியாக இருந்தும் குறை தீரவில்லையென்றால் காரணம் தூரம். நம் வண்டிகளில் டிரைவர் வலது பக்கம். வலது ஸ்பீக்கர் முழங்கால் பக்கத்தில், தலையிலிருந்து 90 சென்டிமீட்டர் என்று வையுங்கள். இடது 140. அந்த 50 சென்டிமீட்டரைக் கடக்கச் சத்தத்துக்கு ஒன்றரை மில்லிசெகண்ட் ஆகும். இடது சத்தம் எப்போதும் தாமதமாகவே வந்து சேருகிறது. கணக்குப்படி 340 ஹெர்ட்ஸ் அருகில் இரண்டும் நேர் எதிராக மோதும். கண்ணாடி, சீட், கூரை எல்லாவற்றிலும் பட்டுத் திரும்பும் சத்தமும் சேர்வதால் காரில் இப்படிச் சத்தம் அமுங்கும் பள்ளம் பெரும்பாலும் அதற்கும் கீழே, 100-க்கும் 300-க்கும் நடுவே எங்காவது விழும். தலையை நடுவுக்குக் கொண்டுபோனால் தூரம் சமமாகிறது, பள்ளம் மூடிக்கொள்கிறது.

டைம் அலைன்மென்ட் (ஒவ்வொரு ஸ்பீக்கரையும் தனியே தாமதப்படுத்தும் வசதி) உள்ள ஸ்டீரியோவோ, டி.எஸ்.பி. என்கிற ஒலி திருத்தும் பெட்டியோ இருந்தால் வலது கதவைத் தாமதப்படுத்துங்கள். 34 சென்டிமீட்டருக்கு ஒரு மில்லிசெகண்ட். டேப் வைத்து அளந்த எண்ணில் தொடங்கி, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். ஒரு இடத்தில் மேளம் கதவிலிருந்து கிளம்பி ஸ்டீரிங்குக்கு மேலே வந்து உட்காரும். அந்த வசதி இல்லையென்றால், வேண்டுமென்றே ஒரு கதவின் பிளஸ் மைனஸை மாற்றிக் கேட்டுப் பாருங்கள். சில வண்டிகளில் டிரைவர் சீட்டுக்கு அது நன்றாக அமைந்துவிடும். பக்கத்து சீட்டுக்காரருக்கு எப்படி அமையும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

அந்தப் பள்ளத்தை ஈக்வலைசரில் தூக்கிவிட்டால் என்ன?

எதிரெதிர் அலைகள் மோதி உண்டான பள்ளம் அது. நீங்கள் தூக்கினால் இரண்டு பக்கமும் சேர்ந்தே ஏறும், மோதலும் அதே அளவு ஏறும். ஆம்ப் சூடாவதுதான் மிச்சம். ஈக்வலைசரை இறக்குவதற்குப் பயன்படுத்துங்கள். குரல் குகைக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தால் 160-இலிருந்து 250-க்குள் இரண்டு மூன்று டெசிபல் இறக்கினாலே அடி தெளிவாகும். இடது வலது கதவுகளைத் தனித்தனியாகத் திருத்த முடிந்தால் இன்னும் நல்லது. போனில் எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் இலவச ஆர்.டி.ஏ. ஆப் போட்டு, பிங்க் நாய்ஸ் என்கிற சோதனை இரைச்சலை ஓடவிட்டால் எந்தக் கதவில் எது துருத்துகிறது என்பது ஓரளவு தெரியும்.

நிறுத்தி வைத்துக் கேட்டால் ஜம்மென்று இருக்கிறது. ரிங் ரோட்டில் ஏறினால் அடி மெலிந்துவிடுகிறதே?

டயர், ரோடு, இன்ஜின் எழுப்பும் இரைச்சலில் பெரும்பகுதி நம் மிட்பேஸ் இருக்கும் அதே பகுதியில்தான். ஒரே பாதையில் இரண்டும் போட்டியிட்டால் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் இரைச்சல் ஜெயிக்கும். வீல் ஆர்ச்சிலும் முன்பக்கத் தரையிலும் ஷீட் போட்டால் கொஞ்சம் குறையும். தேய்ந்து அலை அலையாகிப்போன டயரை மாற்றினால் இன்னும் குறையும். கண்ணாடியை ஒரு விரல் இறக்கினாலும் அடி போய்விடும் என்பதையும் கவனியுங்கள். ஓடும்போது கேட்பதற்கென்று 100 ஹெர்ட்ஸ் சுற்றி இரண்டு மூன்று டெசிபல் கூட்டிய தனி பிரீசெட் ஒன்றை நான் எல்லா வண்டியிலும் வைத்துவிடுவேன். பதிவில் உள்ளபடியே கேட்க வேண்டும் என்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

எந்தப் பாட்டை வைத்துச் சோதிப்பது?

நாகஸ்வரமும் தவிலும் மட்டும் உள்ள கச்சேரிப் பதிவு ஒன்று. தவிலில் வலந்தலையும் (விரலால் வாசிக்கும் பக்கம்) தொப்பியும் இரண்டு தனிக் குரலாகக் கேட்க வேண்டும், தொப்பி அடி விழுந்ததும் நின்றுவிட வேண்டும். இழுத்துக்கொண்டே போனால் ஏதோ ஒரு தகரம் கூடவே பாடுகிறது. அப்புறம் பேஸ் கிட்டார் மேலும் கீழும் நடக்கும் பாட்டு ஒன்று. ஒரு சுரம் மட்டும் எம்பி, அடுத்த சுரம் அமுங்கினால் கதவில் இன்னும் வேலை இருக்கிறது. நண்பர் வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய பாட்டை வைத்துச் சோதித்துவிட்டு ஸ்பீக்கரைக் குறை சொல்லாதீர்கள்.

கையில் பத்தாயிரம்தான் இருக்கிறது. எதில் தொடங்கலாம்?

இருக்கிற ஸ்பீக்கரை அப்படியே விட்டுவிட்டு முன்கதவு இரண்டையும் முடியுங்கள்: துளை அடைப்பு, அளவான ஷீட், ஃபோம் வளையம். மிச்சப் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு ஒரு மாதம் கேளுங்கள். சிலர் அதோடு நின்றுவிடுகிறார்கள். போதவில்லையென்றால் அடுத்தது ஆம்ப், அதற்கடுத்துத்தான் ஸ்பீக்கர். கடைக்காரர் இதைத் தலைகீழாகச் சொல்வார். அவருக்கு ஸ்பீக்கர் விற்றால் லாபம், கதவு வேலை என்றால் அரை நாள் ஆள் கூலி.

வாரண்டி போய்விடுமா?

வண்டி வயரை வெட்டினால் மின்சாரக் கோளாறு வரும்போது கார் கம்பெனி கை விரித்துவிட வாய்ப்பு உண்டு. வயரை வெட்டாமல் இணைக்க உங்கள் மாடலுக்கான கப்ளர் வாங்கிச் சொருகுங்கள். பழைய ஸ்பீக்கரைத் தூக்கிப்போடாமல் பெட்டியில் வையுங்கள், வண்டியை விற்கும்போது உதவும்.

பின்கதவு ஸ்பீக்கர்களையும் இதே மாதிரி செய்ய வேண்டுமா?

முன்னால் இருப்பவர்களுக்காக என்றால் வேண்டாம். பின்னாலிருந்து வரும் அடி நேரம் தவறி வந்து முன் அடியைக் குழப்பும். முன்னுக்கும் பின்னுக்கும் சத்தத்தைப் பங்கிடும் ஃபேடரை முன்பக்கம் நகர்த்தி, பின்கதவுக்கு ஹைபாஸ் 120 ஹெர்ட்ஸ் வைத்து, லேசாகக் காதில் விழும் அளவுக்கு விடுங்கள். வீட்டுப் பெரியவர்கள் பின் சீட்டில் உட்கார்ந்து அழகர்கோவிலுக்கும் திருப்பரங்குன்றத்துக்கும் போய்வருகிற வண்டி என்றால் பின்னாலும் குரல் தெளிவாகக் கேட்க வேண்டும். அதற்கு வண்டியோடு வந்த ஸ்பீக்கரே போதும். அவர்கள் ஏறும்போது ஃபேடரை நடுவுக்குக் கொண்டுவந்து சப்பைக் குறைத்துவிடுங்கள், அந்த அமைப்பையும் ஒரு பிரீசெட்டாகச் சேமித்துக்கொள்ளலாம்.